சொந்தக் கட்சியே பிரதமரைக் கைவிடும்போது: கேள்வி பதில்

பதவியில் இருக்கும் பிரதமர் தன் கட்சி எம்.பி.க்களிடமே ஆதரவை இழப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் நெடுங்காலமாகக் கவனித்து வருவது பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும்தான், அதனால் பதில்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்சிக்குள் நடக்கும் வாக்கெடுப்பு வேறு, நாடாளுமன்றத்தில் நடக்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சார், பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் 2022 ஜூனில் தன் கன்சர்வேடிவ் கட்சி வாக்கெடுப்பில் ஜெயித்தார். அடுத்த மாதமே ராஜினாமா. ஜெயித்தவர் ஏன் போனார்?

ஜூன் 6 அன்று அவருக்கு ஆதரவாக 211, எதிராக 148. கணக்குப்படி வெற்றிதான். ஆனால் எதிர்த்து விழுந்த 148-ம் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களின் வாக்கு. பத்தில் நான்கு பேர் ‘நீங்கள் வேண்டாம்’ என்று ரகசியமாக எழுதிக் கொடுத்த பிறகு, அவரை நம்பி யார் அரசியல் எதிர்காலத்தைப் பணயம் வைப்பார்கள்? ஜூன் 23 அன்று வேக்ஃபீல்டு, டிவர்டன் இரண்டு இடைத்தேர்தல்களிலும் தோல்வி. அப்புறம் கட்சியின் துணைக் கொறடா கிறிஸ் பிஞ்சர் மீதான பாலியல் புகார் விவகாரத்தில் பிரதமர் அலுவலகம் தந்த விளக்கம் ஒவ்வொரு நாளும் மாறியது. முதல் நாள் சொன்னதைத் தொலைக்காட்சியில் நின்று நியாயப்படுத்திய அமைச்சர்கள், மறுநாள் அது உண்மையில்லை என்று தெரிந்தபோது தலைகுனிந்தார்கள்.

ஜூலை 5 மாலை சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித்தும் நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சில நிமிட இடைவெளியில் விலகினார்கள். அதன் பிறகு வரிசையாகக் கடிதங்கள். அன்று இரவு கல்வி அமைச்சராக நியமிக்கப்பட்ட மிஷெல் டோனலன் 7-ம் தேதி காலையில் ராஜினாமா செய்தார். அன்று பகலில் ஜான்சன் பிரதமர் இல்ல வாசலுக்கு வந்து விலகலை அறிவித்தார். அவரை வீழ்த்தியது எந்த வாக்கெடுப்பும் இல்லை, காலியான இலாகாக்களுக்கு ஆள் கிடைக்காததுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூலை 18 அன்று காமன்ஸ் சபையில் அதே அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 349-க்கு 238 என்று ஜெயித்தது. தலைவரை வேண்டாம் என்ற எம்.பி.க்களே அரசு வேண்டும் என்று வாக்களித்தார்கள். முதலில் சொன்ன வேறுபாடு இதுதான்.

மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமரை நீக்க எம்.பி.க்களுக்கு என்ன உரிமை?

மக்கள் தேர்ந்தெடுப்பது தங்கள் தொகுதி எம்.பி.யை. எம்.பி.க்களின் பெரும்பான்மை யாரிடம் இருக்கிறதோ அவர் பிரதமர். கொடுத்தவர்களுக்கு எடுக்கும் உரிமையும் உண்டு.

பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் மூன்று தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தவர். அவரையுமா?

இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. தலைக்கட்டு வரியால் (ஆளுக்கு இவ்வளவு என்ற வரி) நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஐரோப்பா விஷயத்தில் மனம் கசந்து, 1990 நவம்பர் 1 அன்று துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் பதவி விலகினார். 1979-ல் அமைந்த தாட்சரின் முதல் அமைச்சரவையிலிருந்து அதுவரை நீடித்த ஒரே ஆள். நவம்பர் 13 அன்று, குரலை உயர்த்தாமல், பின்வரிசையிலிருந்து ஹவ் பேசிய பேச்சு கட்சியையே உலுக்கியது. மறுநாள் முன்னாள் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் போட்டியை அறிவித்தார்.

நவம்பர் 20 வாக்கெடுப்பில் தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. அன்றைய விதிப்படி வாக்குரிமை உள்ள 372 எம்.பி.க்களில் 15 சதவீத வித்தியாசம், அதாவது 56 வாக்குகள் முன்னிலை வேண்டும். கிடைத்தது 52. இரண்டே இரண்டு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் முதல் சுற்றிலேயே முடிந்திருக்கும்! அப்போது அவர் பாரிஸில் ஒரு மாநாட்டில் இருந்தார். கட்சி எம்.பி.க்கள் வாக்களிக்கும் நாளில் தலைவர் ஊரில் இல்லை. முகம் கொடுத்துப் பேசி நான்கைந்து பேரைத் தன் பக்கம் வைத்திருக்க வேண்டிய நாள் அது. அவருக்காக வாக்குச் சேகரித்தவர்களும் மெத்தனமாக இருந்தார்கள், வாய்வார்த்தையாகச் சொன்னதையெல்லாம் உறுதியான வாக்கு என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

21-ம் தேதி மாலை நாடாளுமன்றத்தில் இருந்த அவருடைய அறையில் அமைச்சர்கள் ஒவ்வொருவராகச் சந்தித்தார்கள். பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: நான் உங்களோடு இருப்பேன், ஆனால் நீங்கள் தோற்பீர்கள். மறுநாள் காலை விலகல் அறிவிப்பு. அன்றே பிற்பகல் எதிர்க்கட்சியின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்த்து அவர் பேசினார், அரசு சுலபமாக ஜெயித்தது.

பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தவர்கள் இத்தனை பேர் என்று பத்திரிகைகள் போடும் பட்டியலை நம்பாதீர்கள். ரகசிய வாக்கெடுப்பில் அந்தப் பட்டியலுக்கு மதிப்பே இல்லை.

1999-ல் வாஜ்பாய் ஒரு வாக்கில் தோற்றதும் இதுபோலத்தானே?

இல்லை. அது கூட்டணிக் கட்சியான அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதால் வந்தது. பா.ஜ.க. அவர் பின்னால்தான் நின்றது.

ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏன் அடிக்கடி?

2010-க்கும் 2018-க்கும் இடையில் ரட், கில்லார்ட், அபட், டர்ன்புல் என நான்கு பிரதமர்களைச் சொந்தக் கட்சிகளே இறக்கின. அங்கே தலைவரைத் தேர்ந்தெடுப்பது அப்போது எம்.பி.க்கள் கூட்டம் மட்டும்தான். கூட்டத்தைக் கூட்டினால் ஒரே காலையில் வேலை முடிந்துவிடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல், நடுவில் ஓயாத கருத்துக்கணிப்பு. பயந்த எம்.பி. பொறுமையாக இருக்க மாட்டார்.

2018 ஆகஸ்டில் டர்ன்புல், 43 கையெழுத்து கொண்டுவந்தால்தான் கூட்டம் என்றார். 43-வதாகக் கையெழுத்திட்ட வாரன் என்ட்ஷ், பெயருக்குப் பக்கத்தில் ‘பிரெண்டன் நெல்சனுக்காக’ என்று எழுதினார். பத்து ஆண்டுகளுக்கு முன் டர்ன்புல் கவிழ்த்த கட்சித் தலைவர்தான் அந்த நெல்சன். இந்தப் பகைகள் ஆறுவதே இல்லை. இரண்டு பெரிய கட்சிகளும் விதிகளை இறுக்கின, லேபர் 2013-லேயே, லிபரல் 2018 டிசம்பரில்: பிரதமராக இருப்பவரை நீக்க லேபர் கட்சியில் நான்கில் மூன்று பங்கு எம்.பி.க்களின் மனு வேண்டும், லிபரல் கட்சியில், தேர்தலில் வென்ற பிரதமர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

ஐயா, மக்கள் ஓட்டுப் போட்டது அந்தத் தலைவரின் முகத்துக்குத்தானே? எம்.பி.க்கள் எப்படி மாற்றலாம்?

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

இந்தியாவில் இப்படி நடக்குமா அண்ணா?

நடந்திருக்கிறது. 1966-ல் காமராஜர் முன்னின்று இந்திராவை ஆதரிக்க, காங்கிரஸ் எம்.பி.க்கள் கூட்டத்தில் மொரார்ஜியை அவர் 355-க்கு 169 என்று வென்றார். 1969 நவம்பரில் கட்சித் தலைமை அதே இந்திராவை நீக்கியது, காமராஜர் எதிரணியில் இருந்தார். ஆனால் எம்.பி.க்களில் பெரும்பாலோர் இந்திரா பக்கம் நின்றதாலும் தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் கைகொடுத்ததாலும் ஆட்சி பிழைத்தது. 1979-ல் மொரார்ஜி, ஜனதா எம்.பி.க்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதும் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் விலகினார்.

1985-ல், கட்சி மாறினாலோ கொறடா உத்தரவை மீறினாலோ பதவியைப் பறிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. கட்சிக் கூட்டத்தில் புதிய தலைவரைத் தேர்ந்தெடுப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வேட்பாளர் சீட்டும் கொறடாவும் ஒரே தலைமையின் கையில் இருக்கும்போது, அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்து பேசும் துணிச்சல் யாருக்கு வரும்?

அந்தச் சட்டம் இல்லாவிட்டால் குதிரை பேரம்தான் நடக்கும். நிலையான ஆட்சி வேண்டாமா?

வேண்டும். ஆனால் சட்டம் இருக்கும்போதே 2017-ல் எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதியைப் பார்த்தோமே! அதே ஆண்டு ஆகஸ்டில் 19 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் பின்வாங்கினார். மீதி 18 பேரையும் சபாநாயகர் செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்தார், 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. லண்டனில் ஜான்சன் காலத்தில் இதே மாதிரிக் கடிதம், கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் குழுவின் அன்றைய தலைவர் கிரஹாம் பிராடியின் கையில் ரகசியமாக இருந்தது. அன்றைய விதிப்படி 15 சதவீத எம்.பி.க்களின் கடிதம் சேர்ந்தால் வாக்கெடுப்பு, எழுதியவர் யார் என்று அவராகச் சொன்னால்தான் தெரியும். இங்கே கடிதம் எழுதியவரின் பதவியே போனது. அந்த 18 தொகுதி மக்களும் 2019 ஏப்ரல், மே இடைத்தேர்தல்கள் வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தார்கள். அந்த 18 பேரின் அரசியலை நான் ஆதரிக்கவில்லை, தலைவர் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்லும் உரிமையைத்தான் ஆதரிக்கிறேன்.

பிரிட்டனிலும் தண்டிக்கிறார்களே? 2019-ல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் அரசை எதிர்த்த 21 பேரை ஜான்சன் நாடாளுமன்றக் கட்சியை விட்டே விலக்கினார்.

நல்ல கேள்வி, விவாதத்துக்கு இதுதான் உயிர். கென் கிளார்க், சர்ச்சிலின் பேரன் நிக்கோலஸ் சோம்ஸ் எல்லாம் அந்த 21 பேரில் இருந்தார்கள். ஆனால் கட்சிதான் போனது, எம்.பி. பதவி போகவில்லை. மறுநாளும் அவையில் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், வாக்களித்தார்கள். தொகுதி மக்கள் கொடுத்த இருக்கையைக் கட்சித் தலைமை பறிக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. ஆட்சியே கவிழும் நம்பிக்கை வாக்கெடுப்பில் கொறடா உத்தரவுக்குக் கட்டுப்படட்டும், மற்றதில் வேண்டாம். 1990-லேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு இதைத்தான் பரிந்துரைத்தது.

ஜான்சனுக்குப் பின் வந்த பிரதமர் லிஸ் டிரஸ் காலத்தில் பவுண்டு விழுந்ததே, இப்போது பவுண்டில் முதலீடு செய்யலாமா?

முதலீட்டு ஆலோசகரிடம் கேளுங்கள். அரசியலைக் கேட்டால்: 2022 செப்டம்பர் 23 மினி பட்ஜெட், அக்டோபர் 20 ராஜினாமா. அவருக்கு எம்.பி.க்களிடம் தொடக்கத்திலிருந்தே பெரும்பான்மை ஆதரவு இல்லை, உறுப்பினர்கள் வாக்கில் வந்தவர். நெருக்கடி வந்ததும் தாங்கிப்பிடிக்க ஆளில்லை.

அடுத்து எந்த நாட்டுப் பிரதமர் போவார்?

ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆதரவுப் பட்டியல்களை வைத்துச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள்.

மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமரை...

மூன்றாவது முறை. இரண்டாவது கேள்வியைப் படியுங்கள்.

தலைவரை நீக்கக் கட்சி விதியில் வழியே இல்லை என்றால் அவர் தப்பிவிடுவாரா?

கனடாவில் லிபரல் எம்.பி.க்களிடம் அன்றைய பிரதமர் ட்ரூடோவை வாக்கெடுப்பில் நீக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 20 சதவீத எம்.பி.க்கள் கேட்டால் வாக்கெடுப்பு என்ற சட்ட ஏற்பாட்டை அந்தக் கட்சி அப்போது எடுத்துக்கொண்டிருக்கவில்லை. 2024 டிசம்பர் 16 அன்று நிதியறிக்கை தாக்கலாக இருந்த காலையில் நிதியமைச்சர் ஃப்ரீலேண்ட் விலகல் கடிதத்தை வெளியிட்டார். 2025 ஜனவரி 6 அன்று ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார். மறுபக்கம், பிரிட்டிஷ் தொழிற்கட்சி எம்.பி.க்கள் 2016-ல் கோர்பின் மீது 172-க்கு 40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள், அவர் நகரவில்லை. உறுப்பினர்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் எதிர்க்கட்சித் தலைவர், நடத்த வேண்டிய அரசு எதுவும் அவர் கையில் இல்லை. பிரதமருக்கு அந்தச் சலுகை கிடையாது: நாளைக் காலை இலாகாக்களுக்கு அமைச்சர்கள் வேண்டும்.