வாசகர் கேள்வி: பீரங்கி போயிடுச்சு, குழி மட்டும் இருக்கு

கேள்வி: லண்டன் போனப்ப மட்சூட் பண்ணைக்கு பசங்கள கூட்டிட்டுப் போனோம் சார். ஆடு மேயுற இடத்துல கான்கிரீட் சுவர் வெச்ச குழிங்க, ஒண்ணுல மட்டும் பழைய பீரங்கி நிக்குது. பண்ணைக்குள்ள எதுக்கு இது?

பதில்: எல்லாரும் பீரங்கி முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துடுறாங்க, விஷயமே அந்தக் குழியிலதான் இருக்கு! பக்கத்துலயே துறைமுகம், 1940 செப்டம்பர் 7-ல இருந்து ஜெர்மன் விமானங்க குறி வெச்ச இடம், அதை காப்பாத்ததான் 3.7 இஞ்ச் விமான எதிர்ப்பு பீரங்கிய இங்க வெச்சாங்க. வழக்கமா நாலு குழி, நடுவுல கட்டளை அறை. இந்த மாதிரி குழிக்குள்ள போனா முதல்ல தரையப் பாருங்க, வட்டமா போல்ட்டு துருத்திக்கிட்டு நிக்கும், பீரங்கிய முடுக்கி வெச்சது அதுலதான். சுத்துச் சுவர்ல அலமாரி மாதிரி இருக்குறதெல்லாம் குண்டு அடுக்குற இடம், ஒவ்வொண்ணும் வெடிமருந்து உறையோட 20 கிலோவுக்கு மேல, அதை கையாலேயே தூக்கித் தூக்கிப் போடணும், அதான் கைக்கு எட்டுற தூரத்துலயே கட்டிட்டாங்க.

இவ்ளோ செஞ்சும் குறி தப்புறதுதான் ஜாஸ்தி. குண்டு மேல போய்ச் சேர 20 செகண்ட்னு வைங்க, மணிக்கு 300 கிலோமீட்டர்ல வர்ற விமானம் அதுக்குள்ள ஒண்ணரை கிலோமீட்டர் தாண்டிடும், அதனால விமானம் இருக்குற இடத்த விட்டுட்டு அது வரப்போற இடத்தப் பாத்து சுடணும், அந்தக் கணக்கப் போட பிரெடிக்டர்னு ஒரு மெஷின், அப்புறம் ரேடார் வந்துச்சு.

போருக்கப்புறம் ஜெட் விமானம், ஏவுகணைன்னு காலம் மாறி 1955-ல இந்த பீரங்கிங்கள நடத்துன விமான எதிர்ப்புப் படைப்பிரிவையே கலைச்சுட்டாங்க. பீரங்கிய கழட்டிட்டுப் போகலாம், அந்த கான்கிரீட்ட யாரு உடைக்கிறது? இங்கிலாந்துல பல ஊர்ல அப்படியே விட்டுட்டாங்க, சில இடத்துல விவசாயிங்க மாடு கட்டிக்கிட்டாங்க.

கேள்வி: அங்க பெண்களும் பீரங்கி சுட்டாங்களாமே?

பதில்: சுட மட்டும் விடலை. 1941-ல இருந்து ஆண், பெண் கலந்த பேட்டரிங்க, அதாவது பீரங்கிப் படைக் குழுக்கள் இருந்துச்சு, சர்ச்சிலோட பொண்ணு மேரி கூட ஹைட் பார்க்ல அப்படி ஒண்ணுலதான் வேலை பாத்தாங்க. உயரம் பாக்குறது, பிரெடிக்டர், ரேடார் எல்லாம் அவங்க கையில. எங்க சுடணும்னு சொல்றது அவங்க, சுட்டேன்னு பேரு வாங்குறது ஆம்பளைங்க!