நசுங்காத கூரை

கேள்வி: மகளைப் பார்க்க ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போயிருந்தேன். தெருவோரம் நின்ற ஒரு பழைய வெள்ளை பென்ஸ் காரைச் சுற்றி நாலைந்து பேர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே இருக்கை, பின்புறம் 230 எஸ்எல் என்றிருந்தது. எண் பலகையின் கடைசியில் எச் என்ற எழுத்தும், அதன் ஓரத்தில் மேலும் கீழுமாக 04, 10 என்ற எண்களும் இருந்தன. கூரையோ நடுவில் நசுங்கியிருந்தது! அதைக்கூடத் தட்டிச் சரிசெய்யாத வண்டியை மெச்சுவது, பணக்காரப் பகட்டுக்குப் போடும் கும்பிடு அல்லவா? டிசம்பரில் மறுபடி போகும்போது நானும் ஒரு படமெடுத்து அனுப்பட்டுமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: அந்தக் கூரை நசுங்கவில்லை, பிறவியிலேயே அப்படித்தான். 1963 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் 230 எஸ்எல் அறிமுகமானபோதே, கழற்றி மாட்டக்கூடிய அதன் கூரை இரு ஓரங்களிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்துதான் இருந்தது. பக்கத்து ஜன்னல் கண்ணாடிகளை உயரமாக வைக்கவும், தலை இடிக்காமல் ஏறி இறங்கவும், கனத்தைக் கூட்டாமலே உறுதியைக் கூட்டவும் கண்ட வழி அது. கீழை நாட்டுக் கோயில் கூரையை நினைவூட்டியதால் வண்டிக்கே ‘பகோடா’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. (மாலை நேரத்துப் பக்கோடாவுக்கும் இதற்கும் உறவில்லை.)

விபத்தில் முன்பகுதியும் பின்பகுதியும் மடங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் அமரும் நடுக்கூடு மட்டும் அசையாமல் நிற்க வேண்டும் என்பது பென்ஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரெனியின் கருத்து. 1959இல் அதே நிறுவனத்தின் பெரிய செடானில் இடம்பெற்ற அந்த அமைப்பு, ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் முதன்முதலாக வந்தது இந்த வண்டியில்தான். நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்கவும், நசுங்கக் கூடாத இடத்தில் நசுங்காதிருக்கவும் கணக்குப் பார்த்துச் செய்த வண்டியைத்தான் தாங்கள் நசுங்கிய வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த ஆண்டிலேயே அது ஸ்பா–சோபியா–லியேஜ் நெடும்பந்தயத்தை வென்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகட்டு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 250, 280 எஸ்எல் வண்டிகளையும் சேர்த்து 1971 வரை உருவானவை 48,912. இன்றைய விலை சாமானியர் கைக்கு எட்டாது. ஆனால் பணத்தால் வருவது பளபளப்பு மட்டுமே. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் எந்தத் துருவும் ஒரு மழைக்காலம் வரை மறைந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் பளபளப்பைப் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, முன் மட்கார்டின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் செய்தபோது விழுந்த சிறு சிறு குழிகள் வரிசையாக விரலில் தட்டுப்பட்டால் அது பழைய மட்கார்டு. விளிம்பு வழவழவென்று இருந்தால் எப்போதோ மாற்றியது. கையில் காந்தம் வைத்திருப்பவர்களும் உண்டு. மட்கார்டில் ஒட்டும் காந்தம், அலுமினியத்தால் ஆன கதவிலும் பானெட்டிலும் ஒட்டக் கூடாது. இப்படிப்பட்ட சோதனைகளில் தேறும் வண்டிக்குப் பின்னால், துருவை அது தலைகாட்டும்போதே கிள்ளியெறிந்தும், ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து ஊட்டும் அந்தக் காலத்து பாஷ் பம்பைச் சீர்கெடாமல் காத்தும் வந்த யாரோ ஒருவரின் பல்லாண்டுப் பொறுமை இருக்கும். அந்த நாலைந்து பேர் மெச்சியது அதையாகவும் இருக்கலாம் அல்லவா?

கூரையைத் தவறாகப் பார்த்தாலும் எண் பலகையைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். எச் என்பது ‘ஹிஸ்டோரிஷ்’, அதாவது வரலாற்று வாகனம். 1997 முதல் ஜெர்மனி தரும் அந்த எழுத்தைப் பெற வண்டிக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும்; பெரும்பாலும் பழைய உருவம் மாறாமல் நல்ல நிலையில் இருப்பதாக ஆய்வாளர் ஒருவர் சான்று தரவும் வேண்டும். கூரை நசுங்கிய வண்டிக்கு அவர் கையெழுத்துப் போடுவாரா என்று யோசித்திருக்கலாம்.

பக்கத்திலுள்ள எண்கள் மாதங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே அந்த வண்டி சாலைக்கு வரலாம். மற்ற மாதங்களில் பொதுத்தெருவில் நிறுத்தக்கூட அனுமதி இல்லை. பனியை உருக்கத் தூவும் உப்பு பழைய வண்டியை அரித்துவிடும் என்பதால், உரிமையாளர்கள் பலர் விரும்பியே ஏற்கும் ஏற்பாடு இது. ஆகவே டிசம்பர் பயணத்துக்கு கேமராவைச் சுமக்க வேண்டாம்.