சொந்தக் காரில் பார்சல் விநியோகம்: கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: மாதச் சம்பள வேலையில் இருக்கிறேன். கார் கடனில் இன்னும் இரண்டு ஆண்டுத் தவணைகள் பாக்கி உள்ளன. மாலை நேரங்களிலும் வார இறுதியிலும் செயலி வழியாகப் பார்சல்களைக் கொண்டுசேர்த்து, அந்த வருமானத்தில் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரியான முடிவா?

பதில்: கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்லதே. ஆனால் செயலி காட்டும் தொகை முழுவதும் உங்கள் உழைப்புக்கான கூலி அல்ல. அதில் ஒரு பகுதி, உங்கள் காரின் மதிப்பே சிறிது சிறிதாகப் பணமாகி உங்களிடம் திரும்பி வருவதாகும். கடனுக்கு எதிராக நிற்கும் அந்தச் சொத்து எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் இதை முடிவு செய்யக் கூடாது.

அமேசான் நிறுவனம் 2015-இல் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது; பொதுமக்களின் கார்களில் பார்சல் அனுப்பும் ரோடி என்ற நிறுவனத்தை, அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யுபிஎஸ் 2021-இல் வாங்கியது. பெரிய நிறுவனங்கள் இதை நாடுவதற்கான காரணம் எளிமையானது. வண்டியின் விலை, எரிபொருள், பழுது, காத்திருக்கும் நேரம் ஆகிய செலவுகளில் பெரும்பகுதி அவர்களுடைய கணக்கிலிருந்து ஓட்டுநரின் கணக்குக்கு நகர்ந்துவிடுகிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், நான் கேட்டுக்கொண்டபடி, ஒரு சிறிய நோட்டில் ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஓடோமீட்டர் எண்ணையும் நேரத்தையும் எழுதி வந்தார். ஒரு நாள் பக்கத்தில், செயலியின் கணக்குப்படி 3 மணி நேரம், 48 கிலோமீட்டர். அவருடைய கணக்குப்படி நாலேகால் மணி நேரம், 83 கிலோமீட்டர். கிடங்கு வரை போனது, அங்கே வரிசையில் நின்றது, கடைசிப் பார்சலை இறக்கியபின் வெறும் வண்டியாக வீடு திரும்பியது ஆகியவைதான் அந்த வித்தியாசம். எரிபொருளுக்கு ஒரு காசுகூடக் கழிப்பதற்கு முன்பே, அவருடைய மணிக்கூலி ஏறக்குறைய 30 சதவீதமும், கிலோமீட்டருக்கான வருமானம் 40 சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டன. இதற்குமேல் டயர், பிரேக், ஆயில், குறையும் மறுவிற்பனை விலை, வருமான வரி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். வாசலுக்கு வாசல் நின்று நின்று கிளம்பும் ஓட்டத்தில், நெடுஞ்சாலைப் பயணத்தைவிட வண்டி அதிகமாகத் தேயும்.

ஆனாலும் இதில் லாபமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் எப்படியும் போக வேண்டிய பாதையில், எப்படியும் காலியாகக் கிடக்கும் டிக்கியில், ஒரு பார்சலை ஏற்றிச் செல்வதென்றால் கூடுதல் செலவு மிகக் குறைவு. அந்த வருமானத்தில் பெரும்பகுதி உண்மையிலேயே கையில் நிற்கும். வேலைக்குப் போகும் வழியில் அல்லது வரும் வழியில் கிடைக்கும் பார்சல்களை மட்டும் எடுங்கள் என்பதே என் கருத்து. அதற்காகவே தனியாக வண்டியை எடுப்பது வேறு கணக்கு.

எனக்கு உண்மையான கவலை காப்பீட்டைப் பற்றியது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான பாலிசிகள் பல, கூலிக்குப் பொருள் ஏற்றிச் செல்லும்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு தருவதில்லை. நிறுவனம் காப்பீடு வழங்கினாலும், பார்சல் வண்டியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் அது பொருந்துமா, கிடங்குக்குப் போகும்போதும் வீடு திரும்பும்போதும் பொருந்துமா, உங்கள் காரின் சேதத்துக்கும் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் பாக்கியுள்ள கார் நொறுங்கி, இழப்பீடும் மறுக்கப்பட்டால், வண்டி இல்லாமலே தவணை கட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் நீங்கள் ஒப்பந்ததாரராகவே கருதப்படுவதால், காயம்பட்டு ஓய்வில் இருக்கும் நாட்களுக்கு ஊதியமும் எதிர்பார்க்க முடியாது.

வரவுக்கும் உங்களுடைய கணக்கு தனியாக இருக்கட்டும். ஃபிளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸில் ஒரு பகுதியை அமேசான் பிடித்துக்கொண்டது என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. அதைத் தீர்த்துக்கொள்ள அமேசான் 2021-இல் 6 கோடியே 17 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுதி, இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா, கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் 4 வாரம் மட்டும் ஓட்டி, நோட்டில் எழுதுங்கள். செலவெல்லாம் போக மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு, பெரிய பழுது ஒன்றுக்குப் போதுமான தொகை சேர்ந்த பிறகு, மீதியைக் கடனுக்குச் செலுத்துங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை முதல் பார்சலை ஏற்ற வேண்டாம்.