வாயைக் கட்டியும் சர்க்கரை ஏறுகிறதே?

கேள்வி: எனக்கு வயது 52. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.2 இருந்தது, இப்போது 8.6. மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறேன். "வாயைக் கட்டினால்தானே!" என்கிறார் கணவர். மகன் என் தட்டையே பார்க்கிறான். டெஸ்ட் மெஷினைத் தொடவே வெறுப்பு. கல்யாணங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். எனக்கு மனநோயா?
- வாசகி, கரூர்

பதில்: இல்லை அம்மா, எடுத்த எடுப்பில் அப்படிப் பயப்பட வேண்டாம். லீவே இல்லாமல் இந்த நோயைக் கவனித்துக் கவனித்து வரும் அலுப்பு இது. மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம்தான். இதை அளக்கவே 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1995 முதல் இருக்கிறது.

ஆனால் எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறினாலே திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிட்டதாக அர்த்தமில்லை. வருடங்கள் போகப் போக, கணையம் இன்சுலின் சுரக்கும் அளவு தானாகவே குறையும். நேற்று போதுமானதாக இருந்த மாத்திரை இன்று போதாமல் போகும். கிருமித் தொற்று, தூக்கக் குறைவு, மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு, எல்லாமே ஏற்றும். மனக்கவலையும் ஏற்றும், அப்போது சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ஆக, தட்டைப் பார்த்துத் திட்டுவது மருந்தாகாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், சாப்பிட்டபின் சேர்ந்து ஒரு நடை, இது உதவும்.

அடுத்த முறை டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்பே, "எனக்கு அலுத்துவிட்டது டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். கணவரும் கூட வரட்டும். மருந்தை மாற்ற வேண்டுமா, வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்தால் போதும் என்று கேளுங்கள். மாத்திரை மட்டும் போடும் பலருக்குத் தினமும் குத்திப் பார்க்கத் தேவையிருக்காது.

கல்யாணங்களுக்குக் கட்டாயம் போங்கள். பந்தி தாமதமானால் மாத்திரையை எப்போது போடுவது என்பதையும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும்.