கேள்வி பதில்: கூகுள்ல நம்ம கடை எப்போ மேல வரும்?

கேள்வி: பவானியில மூணு தலைமுறையா ஜமக்காளம் நெய்யுற குடும்பம் எங்களது. போன வருஷம் வெப்சைட் போட்டோம். கடை பேரை அடிச்சா வருது, ஆனா ஜமக்காளம்னு அடிச்சா அஞ்சு பக்கம் தள்ளியும் காணோம். இப்போ ஒருத்தர் போன் பண்ணி மாசம் 6,000 ரூபா குடுங்க, 30 நாள்ல முதல் இடம் கேரண்டிங்கிறார். குடுக்கலாமா?
- வாசகி, பவானி

பதில்: வேண்டவே வேண்டாம்மா. முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே தன்னோட உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு. இப்படி வாக்கு குடுக்கிறவங்க பல பேர் செய்யுறது, சம்பந்தமே இல்லாத சைட்டுல எல்லாம் காசு குடுத்து உங்க சைட்டுக்கு லிங்க் போட வைக்கிறதுதான், அதைப் பிடிக்கத்தான் 2012லயே பெங்குவின்னு ஒரு அப்டேட்ட கூகுள் கொண்டு வந்துச்சு. மாட்டினா இருக்கிற இடமும் போயிடும்.

நீங்க அனுப்பின லிங்க்கை போன்ல தொறந்து பார்த்தேன். சரக்கு அவ்ளோ அழகா இருக்கு, ஆனா முதல் பக்கத்தோட டைட்டில்ல, அதாவது கூகுள் ரிசல்ட்ல பெரிய எழுத்துல தெரியுற தலைப்புல, வெறும் "ஹோம்"னு இருக்கு. அளவு, விலை, நூல் விவரம் எல்லாத்தையும் டிசைனர் ஒரே போஸ்டர் படமா போட்டுட்டார், எழுத்தா இருக்கிறது "தரமே எங்கள் தாரக மந்திரம்" மட்டும்தான். அப்புறம் எந்த வார்த்தையை வச்சு கூகுள் உங்களைத் தேடி எடுக்கும் சொல்லுங்க? முதல் வேலையா டைட்டில்ல "பவானி ஜமக்காளம், கைத்தறி, நேரடி விற்பனை"ன்னு போட்டு பக்கத்துல கடை பேரை சேருங்க, போஸ்டர்ல இருக்கிறதை எல்லாம் டைப் பண்ணிப் போடுங்க. ஜமக்காளம்னு தேடுறவங்க ஜமுக்காளம்னும் அடிப்பாங்க, இங்கிலீஷ் எழுத்துலயும் அடிப்பாங்க, அதனால இங்கிலீஷ்லயும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது என் பார்வையில இதைவிட பெரிசு. கடைக்கு வர்றவங்க உங்ககிட்ட என்ன கேக்குறாங்கன்னு ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. கல்யாண மண்டபத்துக்கு எத்தனை அடி வாங்கணும், சாயம் போகுமா, வாஷிங் மெஷின்ல போடலாமா, பருத்திக்கும் ஆர்ட் சில்க்குக்கும் என்ன வித்தியாசம், இது கைத்தறியா பவர்லூமான்னு எப்படி பார்க்கிறது... ஜனங்க கூகுள்லயும் இதையேதான் கேக்குறாங்க, ஒவ்வொண்ணுக்கும் நீங்க கடையில வாயால சொல்ற பதிலை அப்படியே எழுதி ஒரு பக்கமா போட்டா போதும். குழித்தறியில உக்காந்து நெய்யுற குடும்பம் எழுதுற பதிலை, காசுக்கு கட்டுரை எழுதித் தர்ற யாராலயும் எழுத முடியாது. தறியில வேலை நடக்கிறப்ப எடுத்த போட்டோவும் போடுங்க, ஆனா ஒரு போட்டோ 6 எம்பி இருந்தா போன்ல தொறக்கவே தொறக்காது, 200, 300 கேபிக்கு சுருக்கிட்டுப் போடுங்க. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்னு கூகுளோட இலவச டூல் இருக்கு, அதுல பக்கத்தோட பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள தெரியுதான்னு பாருங்க. கூகுள் உங்க சைட்டை மொபைல்ல தெரியுற மாதிரிதான் படிக்குது, கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க. கீவேர்ட் டேக்ல, அதாவது பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாம பக்கத்துக்குப் பின்னாடி வைக்கிற வார்த்தைப் பட்டியல்ல, நூறு வார்த்தை போடச் சொன்னா கேக்காதீங்க, அதை நாங்க பார்க்கிறதே இல்லன்னு 2009லயே கூகுள் சொல்லியாச்சு.

கூகுள் மேப்புல கடை தெரியுறதுக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல கடையை இலவசமா பதிஞ்சு, நேரம், போன் நம்பர், போட்டோ எல்லாம் குடுங்க. மேப்புல யாரை மேல காட்டுறதுன்னு முடிவு பண்ண, தேடினதுக்கு பொருத்தமா, எவ்ளோ தூரம், எவ்ளோ பேருக்குத் தெரிஞ்ச கடைன்னு மூணு விஷயம் பார்க்குது. அதனால சென்னையில உக்காந்து தேடுறவங்களுக்கு மேப்புல நீங்க வர்றது கஷ்டம், அவங்களைப் பிடிக்க மேல சொன்ன பக்கங்கள்தான். கூடுதுறைக்கு சாமி கும்பிட வந்துட்டு அப்படியே கடை தேடுறவங்களுக்கு மேப்.

சைட் வச்சிருக்கிறவங்களுக்கு கூகுள் இலவசமா தர்ற சர்ச் கன்சோல்ங்கிற டூல்லயும் சைட்டை சேத்துடுங்க, எந்த வார்த்தைக்கு எத்தனாவது இடத்துல வர்றீங்கன்னு அதுலயே தெரியும். மாற்றம் தெரிய நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுளே சொல்லுது, பொறுமையா இருங்க. அந்த 6,000 ரூபாய்க்கு ஒரு நல்ல போட்டோகிராபரை ஒரு நாள் கூப்பிடுங்க.

கேள்வி: அஞ்சு மாசமா சைட் இருக்கு, கடை பேரை அடிச்சாலும் வரல.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்களோடது வேற பிரச்னை, கூகுளுக்குள்ளயே நீங்க போகலைன்னு நினைக்கிறேன். சைட்டை வேர்ட்பிரஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல கட்டியிருந்தா செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க தேடுபொறி வர வேண்டாம்னு ஒரு டிக் இருக்கும். சைட் கட்டும்போது போட்டுட்டு எடுக்க மறந்துடுவாங்க, நானே ரெண்டு மூணு கடைக்கு எடுத்து விட்டிருக்கேன். எடுத்துட்டு சர்ச் கன்சோல்ல போய் சைட் முகவரியைக் குடுத்து இண்டெக்ஸ் பண்ணச் சொல்லுங்க, அதாவது கூகுளோட பட்டியல்ல சேர்க்கச் சொல்லுங்க.

கேள்வி: ரிவ்யூ போட்டா 10 சதவீதம் தள்ளுபடின்னு பேக்கரியில போர்டு வச்சிருக்கேன், சரிதானே? விளம்பரமும் குடுத்தா சீக்கிரம் மேல வருமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: போர்டை இன்னைக்கே எடுத்துடுங்க. ரிவ்யூவுக்கு காசோ தள்ளுபடியோ குடுக்கிறது கூகுள் விதிக்கு விரோதம், வந்த நல்ல ரிவ்யூவும் சேர்ந்து போயிடலாம். பில்லு குடுக்கிறப்ப "பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்க"ன்னு வாயால கேளுங்க, அதுல தப்பே இல்ல. குறை சொல்லி எழுதினவங்களுக்கும் மரியாதையா பதில் போடுங்க, புதுசா வர்றவங்க அதைத்தான் முதல்ல படிக்கிறாங்க. விளம்பரம் குடுத்தா விளம்பர இடத்துல மட்டும் வருவீங்க, கீழ இருக்கிற சாதாரண வரிசையில அதனால ஒரு படி கூட ஏறாது.