கணினி கேள்வி – பதில்: ஓவர்கிளாக் செய்தால் ஏன் விழுகிறது?

கேள்வி: இன்டெல் ஐ5-12600கே ப்ராசசர், இசட்690 மதர்போர்டு, 240 மி.மீ. வாட்டர் கூலர் வைத்திருக்கிறேன். பி-கோர்கள் (வேகமான முதன்மைக் கோர்கள்) ஆறையும் 5.1 கிகாஹெர்ட்ஸில் ஓட்ட ஆசை. எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: ப்ராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். வோல்டேஜுக்கு அப்புறம் வரலாம். முதலில் எதையும் மாற்றாமல், ப்ராசசருக்கு முழுச் சுமை தரும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டும் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நிலையிலேயே 85 டிகிரியைத் தாண்டினால் கூலரைக் கழற்றி தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பிப்பதுதான் இப்போதைய வேலை. குளிர் மாதத்தில் சோதிக்கிறீர்கள் என்றால், மே மாதத்தில் அறை எவ்வளவு சூடேறுமோ அதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ரேமின் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், நீலத்திரை வரும்போது கோளாறு ரேமிலா ப்ராசசரிலா என்று புரியாது. பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும்; அதை மல்டிபிளையரால் பெருக்கினால் வருவதுதான் கோரின் வேகம் (49 என்றால் 4.9 கிகாஹெர்ட்ஸ்). பி-கோர் மல்டிபிளையரை எல்லாக் கோர்களுக்கும் 49, வோல்டேஜ் 1.25 என வைத்துத் தொடங்குங்கள். 10 நிமிடம் தாக்குப்பிடித்தால் 50. கணினி உறைந்தோ நீலத்திரை காட்டியோ விழுந்தால் 0.01 வோல்ட் மட்டும் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். மல்டிபிளையர், வோல்டேஜ் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. தினமும் பயன்படுத்தும் கணினிக்கு 1.35 வோல்ட், சோதனையின் உச்சத்தில் 90 டிகிரி: இவற்றைத் தாண்டாதீர்கள். 100 டிகிரியில் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன்பின் ஓவர்கிளாக் செய்தும் பயனில்லை.

பலர் சறுக்கும் இடம் லோட்-லைன் கேலிப்ரேஷன். சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்குவது இயல்பு. அந்த இறக்கத்தை ஈடுகட்டுவதுதான் இதன் வேலை. உச்ச அளவில் வைத்தால் சுமை சட்டென விலகும் கணத்தில் வோல்டேஜ் எகிறும். நடு அளவு போதும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் எண் முறை தலைகீழ்: ஆசுஸில் எண் கூடக் கூட ஈடுகட்டல் கூடும், எம்எஸ்ஐயில் எண் குறையக் குறையக் கூடும்.

கணினி தொடங்கவே மறுத்தால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

இனி 5.1 விஷயம். மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.25 வோல்ட்டில் 4.9 ஓடுவது 5.1-க்கு 1.35 கேட்டால், 4 சதவீத வேகத்துக்கு சுமார் 21 சதவீதம் கூடுதல் மின்சாரம், அவ்வளவும் சூடாகத்தான் வெளியேறும். நானாக இருந்தால் 5.0-லேயே நிறுத்துவேன். வாரண்டி விதிகளையும் முன்பே படித்துவிடுங்கள்.

கேள்வி: ரைசன் 5 5600எக்ஸில் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 வைத்தேன். சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடுகிறது. சும்மா விட்டுப் போனால் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பவர் சப்ளை கோளாறா?
– வாசகர், மதுரை

பதில்: பவர் சப்ளையைச் சந்தேகிக்கும் முன் மைனஸ் 30-ஐப் பாருங்கள். கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் எண் வைத்தால், ஒவ்வொரு வேகத்துக்கும் கோர் பெறும் வோல்டேஜ் குறையும். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது மின் வரம்பு வேகத்தைக் கட்டிப்போடுகிறது; அந்த வேகத்துக்கு நீங்கள் குறைத்த வோல்டேஜ் போதும். சும்மா இருக்கையில் ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒரே ஒரு கோர் 4.6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும். அங்கேதான் வோல்டேஜ் போதாமல் விழுகிறது. சினிபெஞ்ச் இதைக் கண்டுபிடிக்காது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ஹீயா-லாகர் (WHEA-Logger) 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவைத் திறங்கள். அதில் ஏபிக் ஐடி (APIC ID) என்று ஓர் எண் இருக்கும்; எந்தக் கோரில் பிழை என்பதை அது காட்டும். ஒரு கோருக்கு இரண்டு எண்கள்: எண் 0 அல்லது 1 என்றால் அது கோர் 0; எண் 4 அல்லது 5 என்றால் அது கோர் 2. அந்தக் கோரை மட்டும் மைனஸ் 15-க்குக் கொண்டுவாருங்கள். ரைசன் மாஸ்டர் என்ற ஏஎம்டி மென்பொருள் நட்சத்திரமிட்டுக் காட்டும் சிறந்த கோர்கள்தான் பெரும்பாலும் இப்படி முரண்டு பிடிக்கும். பிறகு கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் அது வதைக்கும்.

கேள்வி: ஐ5-12400, பி660 போர்டு. ஓவர்கிளாக் முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வழக்கமான முறையில் முடியாது. மல்டிபிளையர் பூட்டப்பட்ட ப்ராசசர் அது. ரேமின் எக்ஸ்எம்பி இயங்குகிறதா என்று பாருங்கள். 3200 ரேமை வாங்கி மாட்டிவிட்டு, அது 2400-ல் ஓடுவது தெரியாமலே இருப்பவர்கள் நிறைய.