எஞ்சினியர் ஹாட்வெயார் கடைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. அப்பா அம்மாவோடு கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். சிவில் எஞ்சினியரிங் பட்டதாரி. 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த தொடர்மாடி வேலை பாதியில் நின்றது; கம்பனி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு சில மாத ஒப்பந்த வேலைகள். இப்போது அதுவும் இல்லை. கூடப் படித்தவர்கள் கட்டாருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். அப்பாவின் இதய நோயால் நான் போகவில்லை.

நண்பனொருவன் பழைய சோனகத் தெருவில் தன் மாமாவின் ஹாட்வெயார் கடைக்கு வரச் சொல்கிறான். அப்பாவோ, "எஞ்சினியருக்குப் படிச்சது ஆணி நிறுத்துக் குடுக்கவோ?" என்று கேட்டுவிட்டார். இதற்குள் ஒரு கலியாணப் பேச்சு. நான் வேலையில் இருப்பதாகவே பெண் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்கள். விடிய மூன்று மணியாகியும் தூக்கம் வருவதில்லை. 'இப்ப எங்க வேலை?' என்று யாரும் கேட்பார்களோ என்று கோயிலுக்கும் போவதில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புத் தம்பி, 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போயின. நல்ல எஞ்சினியர்களும் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. இது தெரிந்தாலும் நடுச்சாமத்தில் மனம் உங்களையேதான் குற்றம் சொல்லும்.

1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. அங்கே ஆராய்ந்த சமூக உளவியலாளர் மரீ யாஹோடாவும் குழுவினரும் ஒன்றைக் கண்டார்கள்: நேரம் தாராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது, ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது. சம்பளத்தைத் தவிர வேலை இன்னும் ஐந்தைத் தருகிறது என்று யாஹோடா பின்னாளில் எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த நோக்கம், அந்தஸ்து, ஓயாத அலுவல். அப்பாவின் கண்ணில் படுவது அந்தஸ்து மட்டும். உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படும் மற்ற நான்கும் அந்தக் கடையில் கிடைக்கும். போங்கள். அங்கே வருகிறவர்கள் கட்டட வேலை செய்யும் பாஸ்மாரும் கொன்ட்ராக்டர்மாரும். எத்தனை மூடை சீமெந்து, எந்தத் தடிப்பில் கம்பி என்று அவர்கள் கேட்கும்போது உங்கள் படிப்புத்தான் பதில் சொல்லப்போகிறது. அவர்களில் ஒருவர் மூலம் கட்டட சைட்டில் வேலையும் வரலாம். மாலையில் ஒரு மணி நேரம் விண்ணப்பங்களுக்கு ஒதுக்குங்கள்.

அப்பாவிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். "ஆறு மாதம் போய்ப் பார்க்கிறேன் அப்பா" என்று சொல்லுங்கள். அவர் கோபத்துக்குள் இருப்பது உங்களைப் பற்றிய பயம். நீங்கள் காலையில் கிளம்பிப் போவதைக் கண்டால் அது கொஞ்சம் தணியும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் வைத்தியரைப் பாருங்கள். 'நான் இருந்தென்ன' என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள்.

அப்புறம் கலியாணப் பேச்சு. அது அடுத்த படிக்குப் போக முன் உண்மை தெரிந்தாக வேண்டும். தரகர் மூலம் வேண்டாம். எப்போது வேலை போனது, இப்போது என்ன செய்கிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் நீங்களே பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. தாலி கட்டிய பிறகு தெரிய வருவதைவிட இப்போதே தெரிவது இரண்டு பேருக்கும் நல்லது.